மடி நிறைய முடி

போன வாரம் சங்கீதா போன் பண்ணினாள். நான் ரிட்டயர் ஆனதும் என் நாற்காலிக்கு வந்த லேப் டெக்னீசியன் அவள். "அண்ணா, புது மெஷின் வந்திருக்குதுங்ணா. ஸ்லைடை உள்ள வெச்சாப் போதும், அதுவே படம் பிடிச்சு, மயிர்க்கால் எத்தனைன்னு அதுவே எண்ணிச் சொல்லிருது. விழா மலர் போடறோம், உங்க காலத்துக் கதை ஒண்ணு எழுதிக் குடுங்க" என்றாள்.

"எண்ணுதா? சரியா எண்ணுதா?" என்று கேட்டேன்.

"அதை நாங்க ஒருக்கா எண்ணிச் சரி பாத்துக்கறோமுங்ணா" என்றாள். எனக்குச் சிரிப்பு அடங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. சரி, இந்த உற்சாகத்தோடேயே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

என் பெயர் குழந்தைவேலு. டிபார்ட்மெண்டில் எல்லாருக்கும் வேலு. சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் பயாப்சித் துண்டுகளை வெட்டி ஸ்லைடு போடுவதுதான் என் வேலையாக இருந்தது. அதிலும் என் கைக்கு அதிகம் வந்தது தலைத்தோல். இதில் வேடிக்கை என்னவென்றால், எனக்குத் தலையில் முடி கிடையாது. முப்பது வயதுக்குள் உச்சி வெளுத்துவிட்டது. அப்பாவுக்கும் அப்படித்தான், தாய்மாமனுக்கும் அப்படித்தான். இரண்டு பக்கமும் சொத்து ஒன்றும் வரவில்லை, இது மட்டும் தவறாமல் வந்து சேர்ந்தது. நானும் சும்மா விடவில்லை. இடது காதோரம் இருந்த முடியை நீளமாக வளர்த்து, எண்ணெய் வைத்து, உச்சி வழியாக வலது காது வரைக்கும் படிய வாரிவிடுவேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் போச்சு, மொத்தமும் எழுந்து நின்று ஊருக்கெல்லாம் டாட்டா காட்டும். என் மனைவி சரோஜா, "அத ஏனுங்க அங்கிருந்து இங்க இழுத்துட்டு வாரீங்க? பாவமுங்க, அது எடத்துல அது இருக்கட்டும்" என்பாள். நான் கேட்டால்தானே!

திருச்செங்கோட்டுப் பக்கம் பிறந்து, டெக்னீசியன் படிப்பு படித்து, வேலையில் சேர்ந்து, கத்தி தீட்டி மெழுகு காய்ச்சிப் பழகியதில் வருசங்கள் ஓடிவிட்டன. அதில் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் பழகுவதைப் போலத்தான் நானும் பழகினேன். துண்டை பார்மலினில் ஊறப்போடுவது, ஸ்பிரிட்டில் ஈரம் எடுப்பது, உருகிய மெழுகில் இறக்கிக் கட்டியாக்குவது. அப்புறம் மைக்ரோடோம் என்கிற வெட்டும் மெஷினில் வைத்துக் கைப்பிடியைச் சுற்றினால், வெங்காயச் சருகைவிட மெல்லிசாக ரிப்பன் ரிப்பனாக வரும். அதை வெந்நீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடியில் அள்ளி, நீலமும் ரோஸுமாகச் சாயம் ஏற்றினால் ஸ்லைடு. அதற்கு மேல் டாக்டர் பாடு.

என் வேலைக்கு ருசி வந்தது கமலா மேடம் வந்த பிறகுதான்.

மேடம் ஆத்தூர்க்காரர். எங்கள் துறைக்குத் தலைவராக வந்தவர். குட்டையான உருவம், காட்டன் புடவை, சத்தமே இல்லாத செருப்பு. வந்த முதல் நாள் செய்த காரியம், வெட்டும் அறை மின்விசிறியின் சுவிட்சை அணைத்து, அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டியதுதான். ரிப்பன் காற்றில் பறக்கக் கூடாதாம். சேலத்துச் சித்திரை வெயிலில் விசிறி இல்லாமல் ஒரு அறையில் உட்கார்ந்து பாருங்கள், தெரியும்! "மேடம், நான் ஆவியாயிருவேன் மேடம்" என்றேன். "நீ ஆவியானாலும் ரிப்பன் நேரா வரணும் வேலு" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அவர் மேசையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கும். ஸ்லைடு மோசமாக இருந்தால் திட்ட மாட்டார், குறை சொல்ல மாட்டார். எடுத்து அந்த டம்ளரில் போட்டுவிடுவார். 'டிங்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பக்கத்து அறையிலிருக்கும் எனக்கு அந்த ஒரு 'டிங்' போதும். பேசாமல் எழுந்து போய்த் திரும்ப வெட்டுவேன். ஸ்லைடு நன்றாக இருந்தால் அதற்கும் வாய் திறக்க மாட்டார். சாயங்காலம் நாலு மணிக்கு அட்டெண்டரை அனுப்பித் துறை முழுக்கத் தட்டுவடை செட் வாங்கி வரச் சொல்வார். பீட்ரூட்டும் கேரட்டும் துருவிப் போட்டு, கார சட்னி தடவி, மேலே இன்னொரு தட்டுவடையை மூடிக் கையில் வாங்கினால் அன்றைக்கு நான்தான் ராஜா.

தலைத்தோலைக் குறுக்கே வெட்டும் முறையை எங்களுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். அதுவரைக்கும் எல்லாத் தோலையும் போல நெடுக்கேதான் வெட்டினோம். தோலின் மேல்பக்கம் முதல் கொழுப்பு வரை ஒரே பார்வையில் தெரியும், ஆனால் மயிர்க்கால்கள் நாலைந்துதான் கண்ணில் படும். மேடம் என்னை ஜன்னலுக்குக் கூப்பிட்டார். ரோட்டில் கரும்பு ஏற்றிய லாரி ஒன்று நின்றுகொண்டிருந்தது.

"பக்கவாட்டுல பாத்தா எத்தனை கரும்பு தெரியுது?"

"ஓரத்துல இருக்கறது மட்டுந்தான் மேடம்."

"பின்னாடி போய் நின்னு பாத்தா?"

"எல்லாத்தோட முனையும் தெரியும் மேடம்."

"அவ்வளவுதான் விஷயம். போய் வேலையைப் பாரு."

விஷயம் அவ்வளவுதான், கை வரவேண்டுமே! பென்சில் நுனி ரப்பர் அளவுகூட இருக்காத துண்டை, கொழுப்புக்குக் கொஞ்சம் மேலே சரியான இடம் பார்த்துக் குறுக்கே இரண்டாக்க வேண்டும். வெட்டிய முகம் இரண்டும் கீழே இருக்கும்படி மெழுகில் உட்கார வைக்க வேண்டும். ஒன்று புரண்டாலும் வேரைப் பார்க்க வேண்டிய இடத்தில் மேல்தோலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இதைப் பழக ஒரு தலை தேவைப்பட்டது. "நோயாளி தலையில நாம பாடம் படிக்கக் கூடாது" என்று மேடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

"அப்ப என் தலையை எடுத்துக்கங்க மேடம், சும்மாதான கெடக்குது" என்று சொல்லிவிட்டேன்.

அறையே சிரித்தது. மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "வீட்டுல கேட்டுட்டு வா" என்றார். வீட்டில் கேட்டேன். சரோஜா என் தலையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "அங்க எடுக்கறதுக்கு என்னுங்க இருக்குது?" என்றாள். அது சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். தோல் டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, உச்சியில் ஒன்றும் பின்மண்டையில் ஒன்றுமாகத் துண்டெடுத்தார். ஒரு வாரம் இரண்டு பிளாஸ்திரியோடு திரிந்தேன். என் தலையை நானே மெழுகில் வைத்து, நானே வெட்டி, நானே சாயம் ஏற்றினேன். உலகத்தில் எத்தனை பேருக்கு வாய்க்கும்!

முதல் இரண்டு தடவை 'டிங்'. மூன்றாம் தடவை சத்தம் வரவில்லை. "வா, உன்னை நீயே பாரு" என்று மேடம் நாற்காலியை விட்டு எழுந்தார்.

பின்மண்டைத் துண்டில் கரும்பு லாரியேதான். வட்ட வட்டமாக, தடி தடியாக மயிர்க்கால்கள். உச்சியில் அந்த இடம் முழுக்க அருகம்புல் கனத்தில் பூனை முடிகள். "செத்துப்போச்சுங்களா மேடம்?" என்று கேட்டேன். கொஞ்சம் குரல் இறங்கிப்போச்சு. என்ன இருந்தாலும் நம்ம தலை.

"சாகலை வேலு. சின்னதாயிடுச்சு" என்றார். அன்றைக்கு அவர் சொன்னது எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். ஒவ்வொரு மயிர்க்காலின் அடியிலும் ஒரு சின்னச் செல் கூட்டம் இருக்கிறது. அதுதான் மேஸ்திரி. மேஸ்திரியிடம் ஆள் நிறைய இருந்தால் முடி தடிமனாக வரும், குறைந்தால் மெலிந்து வரும். ஆண் ஹார்மோனிலிருந்து உண்டாகிற ஒரு பொருள் உச்சந்தலை மேஸ்திரிகளிடம் 'போதும், நிறுத்து' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. பரம்பரையாக அந்தச் சொல்லுக்குக் காது கொடுக்கிற தலை நம்முடையது. முடி உதிர்ந்து முளைக்கும் ஒவ்வொரு சுற்றிலும் ஆள் குறைகிறது, வளரும் காலமும் சுருங்குகிறது. பின்மண்டை மேஸ்திரிகளுக்கு அந்தச் சொல் காதில் விழுவதில்லை, அதனால்தான் அங்கே மட்டும் விளைச்சல் குறையாமல் நிற்கிறது.

"சரி, ஸ்டெம் செல்னு சொல்றாங்களே, குருத்தணு, அது இருக்குதுங்களா எனக்கு?"

"இருக்கு. குளிர்ல மயிர் சிலிர்த்து நிக்குதில்ல, அதைத் தூக்கி நிறுத்த ஒரு குட்டித் தசை இருக்கு. அந்தத் தசை மயிர்க்காலைப் பிடிச்சிருக்கற மேட்டுலதான் குருத்தணு குடியிருக்கு. தசை பிடியை விடாத வரைக்கும் திரும்பி வர வாய்ப்பு அதிகம். உனக்குப் பல இடத்துல விட்டுப்போச்சு." இதையும் சிரிக்காமல்தான் சொன்னார். அப்புறம் வயசு வேறு. வயதாக ஆகக் குருத்தணுக்கள் சில தம் இடத்திலிருந்து நழுவி, மேல்தோலோடு சேர்ந்து செதிலாக உதிர்ந்துவிடுவதாக இப்போது கண்டுபிடித்திருக்கிறார்கள். பின்மண்டையிலும் எனக்கு இப்போது பழைய அடர்த்தி இல்லை. அதற்கென்ன, அறுபது வயசு வரைக்கும் உழைத்தவனுக்கு ரிட்டயர்மெண்ட் உண்டென்றால் அதுகளுக்கு இருக்கக் கூடாதா!

அன்றைக்குத் தட்டுவடை செட் வந்தது. என் தலை ஸ்லைடு இரண்டும் பழுது சொல்ல முடியாதபடி அமைந்துவிட்டதால், மேடம் அதை ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரியாக வைத்துக்கொண்டார். பரம்பரை வழுக்கை என்றால் இது, நல்ல தலை என்றால் இது. "வேலு, உன் மண்டையை எடுத்துட்டு வா" என்று அவர் குரல் கொடுத்தால் புதிதாக வந்த பிள்ளைகள் மிரண்டு போவார்கள்.

இனி நித்யா கதை. அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "நல்லா எழுதுங்கண்ணா, எம்பேரைப் போட்டே எழுதுங்க" என்று சொல்லிவிட்டாள்.

பயாப்சித் துண்டைத் தோல் ஓ.பி.யிலிருந்து எங்கள் அறைக்கு வீட்டு ஆட்களே கொண்டுவந்து கொடுப்பதுதான் அங்கே வழக்கம். ஒரு நாள் மூன்று பேர் வந்தார்கள். மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய பெண் ஒருத்தி, அவள் அம்மா பழனியம்மா, கூடவே தொப்பி போட்ட ஒரு பையன். துண்டு இருந்த பாட்டிலைக் கோயில் தீர்த்தம் கொண்டுவருவதைப் போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தவன் அந்தப் பையன்தான். பெயர் கார்த்தி, ராசிபுரத்துக்காரன். போர்வெல் ரிக் வண்டியில் வடக்கே வேலை. நித்யாவுக்கு அவனோடு நிச்சயம் ஆகியிருந்தது.

நித்யா குமாரபாளையத்துப் பெண். சொந்த விசைத்தறி. அப்பாவோடு சரிக்குச் சரியாகத் தறி ஓட்டுகிறவள். கொஞ்ச காலமாக நெற்றியோரமும் உச்சியும் மெலிந்துகொண்டே வந்திருக்கிறது. நிச்சயத்தன்று வைத்த மல்லிகைச் சரம் நிற்காமல் நழுவி விழுந்ததை மாப்பிள்ளையின் அம்மா பார்த்துவிட்டார். நித்யாவின் அப்பாவுக்கு வழுக்கை, பெரியப்பா சித்தப்பா எல்லோருக்கும் வழுக்கை. "இது பரம்பரை நோவு. பொண்ணுக்கே இப்பிடின்னா பேரம்பேத்திக்கு என்ன கதி? டாக்டர் இல்லைன்னு சொல்லட்டும், அப்பறம் பந்தக்கால் நடலாம்" என்று சொல்லிவிட்டாராம்.

இதில் பழனியம்மா செய்த காரியம்தான் பெரிய கூத்து. தோல் டாக்டர் வரச்சொன்ன நாளுக்குக் கொஞ்சம் முன்னால் மகளைத் திருச்செங்கோட்டு மலைக்குக் கூட்டிப்போய் மொட்டை அடித்துவிட்டார்! வேண்டுதலும் ஆச்சு, மொட்டை அடித்தால் அடர்த்தியாகவும் முளைக்கும் என்று கணக்கு. எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். மழித்த முடி முனை மழுங்கி வருவதால் கைக்குத் தடிமனாகப் படும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் மேஸ்திரிக்கு வெளியே கத்தி போட்டதே தெரியாது. டாக்டருக்குத்தான் பார்க்க ஒன்றுமில்லாமல் போய்விட்டது. எது மெலிந்த முடி, எது தடித்த முடி, எந்த இடத்தில் எவ்வளவு, ஒன்றும் பிடிபடவில்லை. நெற்றியோரமாக ஒரு துண்டெடுத்து, 'பரம்பரை வழுக்கையா?' என்று கேள்விக்குறி போட்டு அனுப்பிவிட்டார். இன்னொரு துண்டு கேட்டதற்குப் பழனியம்மா, "ஒரு ஓட்டை போதுமுங்க, கல்யாணப் பொண்ணுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாராம்.

அவனிடமிருந்து பாட்டிலை வாங்கி அந்த அம்மாவே என்னிடம் கொடுத்தார். "ஏனுங் சாமி, எம்புள்ளயோட தலையெழுத்தே இதுக்குள்ளதானுங்க இருக்குது. பாத்துப் பண்ணுங்க" என்றார்.

கார்த்தி என்னைத் தனியாக ஓரம் கட்டினான். தொப்பியைக் கழற்றினான். அடேங்கப்பா! இருபத்தஞ்சு வயது தாண்டியிருக்காது, என் தலைக்குச் சரியான போட்டி. "அண்ணா, எனக்கு ரிசல்ட்டே வேண்டாமுங்ணா. என்ன வந்தாலும் நான் அவளத்தான் கட்டுவேன். ஆனா எங்கம்மா கோவிச்சுக்கிட்டு மூலைல உக்காந்துட்டா, அந்தக் கண்ணாலத்துல நித்யாதான் அழுவா. அவ அழக் கூடாதுங்ணா" என்றான். அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. என் கையில் இருந்ததோ ஒரே ஒரு துண்டு.

மேடம் பார்மலினில் மிதந்த துண்டைத் தூக்கிப் பார்த்தார். அடியில் துளிக் கொழுப்பு ஒட்டியிருந்தது. வேர் வரைக்கும் வந்திருக்கிறது என்று அர்த்தம். "குறுக்கே" என்று ஒரே சொல். நெடுக்கே வெட்டினால் நாலு கரும்பு தெரியும், அதை வைத்து ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பற்றி எழுத முடியாது. குறுக்கே வெட்டி, இடம் தப்பினால் அதுவும் போச்சு. திரும்ப வெட்ட வேறு துண்டு கிடையாது.

மறுநாள் காலை வெட்ட உட்கார்ந்தேன். சங்கீதா அப்போது பயிற்சிக்கு வந்திருந்தவள், அவள்கூட மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். வியர்வை ஊற்றுகிறது. நான் வாரிப் படிய வைத்த முடி நழுவி மூக்கின் மேல் தொங்குகிறது. அதை ஒதுக்கவும் கை இல்லை. "ஒரு ஹேர்பின் குடுக்கட்டுங்களாண்ணா?" என்று கேட்டாள் பாவி. சிரித்தால் கை ஆடும். பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினேன். ரிப்பன் நேராக வந்தது. தண்ணீரில் மிதந்தது. அள்ளினேன்.

ரிசல்ட்டுக்கு வரச்சொன்ன நாளில் வெளியே பெஞ்சில் நால்வரும் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவும் காதால் கேட்டாக வேண்டும் என்று வந்துவிட்டார். உள்ளே மேடம் கண்ணை மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். நான் பக்கத்து அறையில் காதை டம்ளர் மேல் வைத்திருந்தேன். ஸ்லைடு நகரும் சத்தம் கூடக் கேட்கிறது. நேரம் போகிறது. இப்போது விழும், இப்போது விழும் என்று நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

"வேலு! உன் மண்டையை எடுத்துட்டு வா."

ஓடினேன். என் உச்சி ஸ்லைடை வைத்துப் பார்த்தார், அவள் ஸ்லைடை வைத்துப் பார்த்தார். இரண்டு மூன்று தடவை மாற்றி மாற்றி. அப்புறம் நகர்ந்துகொண்டு, "இதுல உன்னோட பூனை முடியைத் தேடு" என்றார்.

பார்த்தேன். பூனை முடி எல்லாத் தலையிலும் இருக்கிற அளவுக்குத்தான் இருந்தது. மயிர்க்கால்கள் பெரிதாகவே இருந்தன, எண்ணிக்கைதான் கொஞ்சம் குறைவு. அதில் பல வேலையை நிறுத்திவிட்டு ஓய்வில் இருந்தன. சிலதில் முடி முறுக்கிக்கொண்டு, கறுப்புப் பிசிறாக நிறம் திட்டுத் திட்டாகச் சிதறிக் கிடந்தது. எண்ணெய்ச் சுரப்பிகள் பத்திரமாக இருந்தன. தழும்பு ஒன்றிரண்டு இடத்தில்தான். குட்டித் தசைகள் பிடித்த பிடியை விடவில்லை.

"யாரோ புடிச்சு இழுத்தாப்புல இருக்குது மேடம்."

"இழுத்துத்தான் இருக்காங்க. யாருன்னு கேக்கலாம், வா."

எங்கள் துறை டாக்டர்கள் நோயாளியைப் பார்ப்பது அபூர்வம். மேடம் எழுந்து நேராகப் பெஞ்சுக்கே போனார். "நித்யா, நீ தறிக்குப் போறப்ப முடியை எப்படிக் கட்டுவே? கட்டிக் காட்டு."

மொட்டைத் தலையோடு அந்தப் பெண் எப்படிக் கட்டிக் காட்டுவாள்? காட்டினாளே! இல்லாத முடியை இரண்டு கையாலும் நாலு பக்கமிருந்தும் வாரி உச்சிக்குக் கொண்டுபோனாள், முறுக்கினாள், இல்லாத நூலை வைத்துச் சுற்றினாள், பல்லால் ஒரு முனையைக் கடித்து மறு முனையை விண்ணென்று இழுத்தாள். "புருவம் மேல ஏறோணுமுங்க மேடம். அந்தளவுக்கு இறுக்கினாத்தான் தறி பெல்ட்டுல மாட்டாது. எங்க தெருவுல ஒரு அக்காவுக்கு மாட்டிருச்சுங்க. அதுலருந்து எங்கம்மா காத்தால நூல் போட்டுக் கட்டி உட்டுருவாங்க. ராத்திரி படுக்கறப்பத்தான் அவுப்பேன்."

"எவ்வளவு காலமா?"

"பள்ளிக்கூடம் முடிச்சதுலருந்துங்க."

மேடம் அங்கேயே பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "இது உங்கப்பா குடுத்த வழுக்கை இல்லம்மா. நூல் குடுத்தது. இழுக்கறதை நிறுத்து. உள்ள எல்லாம் அப்படியேதான் இருக்கு, பெரும்பாலும் திரும்பி வந்துடும். ஒண்ணு ரெண்டு இடத்துல வராம போகலாம், அது வெளிய தெரியாது."

பழனியம்மா முகத்தைப் பொத்திக்கொண்டார். "நானேதானுங்களா? எங்கையாலயேதானுங்களா?" என்று விம்மினார். நித்யா அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து, "அழுவாதம்மா. நீ இறுக்கிக் கட்டலீன்னா இன்னிக்கு எனக்குத் தலையே இருந்திருக்காது" என்றாள். அழுகையும் சிரிப்புமாக இரண்டு பேரும் ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்துகொண்டார்கள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, சொல்வதில் வெட்கம் என்ன!

மாப்பிள்ளையின் அம்மா தொண்டையைச் செருமினார். "அப்ப எங்க பேரப்புள்ளைக்கு வழுக்கை வராதுங்களா?"

மேடம் கார்த்தியைப் பார்த்தார். அவன் தானாகவே தொப்பியைக் கழற்றினான். "வந்தா உங்க மகன் தலையிலருந்தும் வரலாம். இந்தப் பொண்ணு மேல மட்டும் பழி போடாதீங்க. இதோ நிக்கறாரே எங்க வேலு, அவருக்கு அம்மா வழி அப்பா வழி ரெண்டு வழியிலயும் வந்துச்சு. என்ன குறைஞ்சு போயிட்டார்? உண்மையிலயே பரம்பரைன்னு வந்திருந்தாலும் நான் இதையேதான் உங்ககிட்ட சொல்லியிருப்பேன். வழுக்கை நோவு இல்லம்மா."

அந்த அம்மா மகன் தலையைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார், பெரிசாகச் சிரித்துவிட்டார். "அட போங்க மேடம்! எங்கூட்டு முற்றத்துலயே வெளிச்சம் போட்டுட்டு ஒருத்தன் நிக்கறான், நான் அடுத்தவூட்டு வெளக்கப் பாத்துட்டுத் திரிஞ்சிருக்கறேன்" என்றார். கார்த்தி கழற்றிய தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை. நித்யாவின் மொட்டைத் தலையில் வைத்து, "இனிமே முடியத் தளரப் பின்னி இதுக்குள்ள உட்டுக்கிட்டுத் தறி ஓட்டு. நூல் வேண்டாம்" என்றான். அன்றைக்கு நாலு மணிக்குத் தட்டுவடை செட் எங்கள் துறைக்கு மட்டுமில்லை, தோல் ஓ.பி.க்கும் சேர்த்துப் போனது.

அப்புறம் நித்யா ஒவ்வொரு தடவை தோல் டாக்டரிடம் வரும்போதும் எங்கள் அறைப் பக்கம் எட்டிப் பார்ப்பாள். ஒரு நாள் வராந்தாவிலேயே தொப்பியைக் கழற்றி, "நெத்தியத் தொட்டுப் பாருங்கண்ணா" என்றாள். கருகருவென்று நெற்றியோரம் முழுக்க முளைத்திருந்தது. என் தலையிலேயே முளைத்திருந்தாலும் அவ்வளவு சந்தோசப்பட்டிருக்க மாட்டேன். மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்தார், தலையாட்டினார், அட்டெண்டரைக் கூப்பிட்டார். உங்களுக்கே தெரியும் எதற்கென்று.

குமாரபாளையத்தில் கல்யாணம். காது வரைக்கும் வளர்ந்த கிராப்போடு மணமேடையில் உட்கார்ந்திருந்தாள். மாமியார் ஆசையாகச் சவுரிமுடி வாங்கி வந்திருந்தாராம். "வேண்டாமுங்க அத்தை, அது இழுக்கும்" என்று சொல்லிவிட்டாளாம். மேடம் முன்வரிசையில் இருந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லை, பாடம் படிச்சிருக்கா" என்றார். அவர் பாராட்டி நான் காதால் கேட்டது அது ஒன்றுதான்.

நான் ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்த புதிதில் நித்யாவும் கார்த்தியும் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தார்கள். குழந்தைக்கு முதல் முடி எடுக்கிறார்கள், திருச்செங்கோட்டு மலையில். வந்துவிடுகிறேன் என்றேன்.

"வந்தா மட்டும் பத்தாதுங்கண்ணா" என்றாள் நித்யா. "எனக்குக் கூடப் பொறந்தவன் இல்ல. தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் முடி எடுக்கோணும். நீங்கதான் உக்காரோணும்."

"நித்யா சொந்தத்துல யாரும் இல்லீங்களா?" என்று கார்த்தியைப் பார்த்துக் கேட்டேன். "இவ பெரியப்பா பசங்க இருக்கறாங்கதானுங்ணா. ஆனா இவ ஒத்துக்க மாட்டீங்கறா" என்றான். சரோஜா எனக்கு முன்னாலேயே தட்டை வாங்கிவிட்டாள்.

மலைமேல் மடியில் வேட்டியை விரித்து உட்கார்ந்தேன். குழந்தையை உட்கார வைத்தார்கள். பெண் குழந்தை, தலை நிறைய முடி. அவள் பிடரியில் தண்ணீர் தெளித்ததும் அந்தச் சின்னக் கழுத்தில் பூனை மயிர் அத்தனையும் ஒன்றுபோலச் சிலிர்த்து எழுந்து நின்றது. வாழ்நாளெல்லாம் நீலமும் ரோஸுமாகச் சாயத்தில் பார்த்த அந்தக் குட்டித் தசைகள் என் கண்ணெதிரே உயிரோடு வேலை செய்தன. கத்தி பட்டதும் வீறிட்டு அழுதாள். நான் பிடித்துக்கொண்டேன். கொத்துக் கொத்தாக என் மடியில் விழுந்தது.

எடுத்து முடித்ததும் முடி எடுத்தவர் என் தலையைப் பார்த்தார். உச்சி வழியாக நான் இழுத்து ஒட்டியிருந்ததைப் பார்த்தார். "மாமனுக்கும் எடுத்துரலாமுங்களா?" என்றார் பவ்யமாக.

கூட்டம் சிரித்தது. நித்யாவின் மாமியார் சிரித்ததில் குழந்தை அழுகையையே நிறுத்திவிட்டது. நான் சரோஜாவைப் பார்த்தேன். தலையைக் குனிந்தேன்.

நிமிர்ந்தபோது குழந்தை என் மொட்டையைத் தொட்டுப் பார்த்தது, பிறகு தன் மொட்டையைத் தொட்டுப் பார்த்தது. "இப்பத்தானுங்க மொகமே தெரியுது" என்றாள் சரோஜா. மடியைக் குனிந்து பார்த்தேன். கருகருவென்று குழந்தையின் முடி, அதன் மேல் என்னுடையது வெள்ளையாகக் கொஞ்சம். எழுந்திருக்க மனசே வரவில்லை.